கையெழுத்துக்கு முன் யாரிடம் கேட்பது? வீட்டுக் கடன் குறித்து வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் வீட்டுக் கடன் குறித்து அனுப்பிய கடிதங்களிலிருந்து ஏழினை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று அனைவரும் கேட்டிருப்பதால் மாநிலத்தின் பெயரை மட்டுமே குறிப்பிடுகிறேன். பல ஆண்டுகளாகக் கடன் தாள்களோடு வரும் குடும்பங்களுடன் அமர்ந்து அவற்றைப் படித்துப் பார்க்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் இந்த விடைகளை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சி வாசகி: நானும் என் கணவரும் முதன்முறையாக வீடு வாங்க முயல்கிறோம். 'ஹவுசிங் கவுன்சிலர்' ஒருவரைப் பார்க்கும்படி அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார். எங்களுக்கு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் இருக்கிறார். லோன் ஆபீசரும் இருக்கிறார். இன்னொருவர் எதற்கு? கவுன்சிலிங் என்பது கடன் கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்கு உரியதல்லவா?

அப்படித்தான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தாலேயே தேவைப்படும் நேரத்தில் போகாமல், காலம் கடந்தபின் போகிறார்கள். நீங்கள் குறிப்பிடும் இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆயினும் வீடு கைமாறினால்தான் ஏஜென்டுக்குக் கமிஷன். கடன் ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் லோன் ஆபீசருக்கு ஊதியம். பத்திரம் கைமாறினால்தான் அதைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனத்துக்குக் கட்டணம். "இந்த வீடு உங்கள் வருமானத்துக்கு ஒத்துவராது, ஓராண்டு பொறுத்திருங்கள்" என்று சொன்னால் அவர்களுடைய வருமானம் போய்விடும். அந்த வாக்கியத்தைச் சொல்வதால் எந்த இழப்பும் அடையாத ஒருவர் உங்களுக்குத் தேவை, அவர்தான் ஹவுசிங் கவுன்சிலர்.

சுருக்கமாக 'ஹட்' என்று அழைக்கப்படும் கூட்டரசின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை இந்த ஆலோசனை அமைப்புகளுக்கு அங்கீகாரம் வழங்குகிறது. 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 106ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ஹட் திட்டத்தின் கீழ் ஆலோசனை தருபவர்கள் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2021 ஆகஸ்ட் மாதத்திலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 800-569-4287 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் பகுதியிலுள்ள அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் விவரம் கிடைக்கும். கடனுக்கு விண்ணப்பித்த மூன்று வேலை நாள்களுக்குள் அருகிலுள்ள 10 ஆலோசனை அமைப்புகளின் பட்டியலைக் கடன் நிறுவனமே உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் சட்டம்; மற்ற தாள்களோடு தாளாக வரும் அந்தப் பட்டியலைப் பெரும்பாலோர் படிக்காமலே கோப்பில் செருகிவிடுகிறார்கள்.

அந்த முதல் சந்திப்பில் நடப்பது மிக எளிய வேலை. உங்கள் வருமானம், கார் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, சேமிப்பு, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட் ஆகியவற்றை ஒன்றாக வைத்து, மாதம் எவ்வளவு தொகையை மூச்சுத் திணறாமல் கட்ட முடியும் என்று கணக்கிடுவார்கள். நம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஏன் அவசியம் என்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணமும், தங்கையின் திருமணத்துக்கென்று ஏற்றுக்கொண்ட பொறுப்பும் கடன் நிறுவனத்தின் கணக்கில் வருவதில்லை. அவை கிரெடிட் ரிப்போர்ட்டில் இல்லை. ஆகவே "உங்களுக்கு இவ்வளவு வரை கடன் கிடைக்கும்" என்று அவர்கள் சொல்லும் தொகை, நீங்கள் ஊருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதவர் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஆலோசகரிடம் அந்தச் செலவை வெட்கப்படாமல் சொல்லுங்கள்; அதையும் கழித்த பிறகு வரும் தொகைதான் உங்களுடைய உண்மையான வரம்பு.

வீடு வாங்குவதற்கு முந்தைய ஆலோசனைக்குச் சில அமைப்புகள் சிறு கட்டணம் பெறுவதுண்டு. கட்ட இயலாதவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டைப் பார்த்துப் பிடித்துப் போனபின் செல்லாதீர்கள், அதற்குச் சில மாதங்கள் முன்பே செல்லுங்கள். பிடித்துப்போன வீடு கண்முன் இருக்கும்போது எந்தக் கணக்கும் காதில் ஏறாது.

டெக்ஸஸ் வாசகர்: கோயிலில் பழக்கமான, நம் ஊர்க்காரரான ஒரு மார்ட்கேஜ் புரோக்கர் 4,00,000 டாலர் கடனுக்கு 5.75 சதவீத வட்டி வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மற்ற இடங்களில் 6.5 சதவீதம் கேட்கிறார்கள். இரண்டு பாயிண்ட் கட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் இந்த வட்டி போய்விடும் என்கிறார். அவரை அண்ணன் என்றே அழைத்துப் பழகிவிட்டேன். சந்தேகப்படவும் மனம் வரவில்லை.

சந்தேகப்பட வேண்டாம், தாளைக் கேளுங்கள். உறவும் தாளும் ஒன்றுக்கொன்று பகையல்ல; நல்ல புரோக்கர் எவரும் தாளைக் கேட்பதால் வருத்தப்பட மாட்டார். அந்தத் தாளின் பெயர் லோன் எஸ்டிமேட். 2015 அக்டோபர் 3 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, உங்கள் பெயர், வருமானம், சோஷியல் செக்யூரிட்டி எண், வீட்டின் முகவரி, அதன் மதிப்பு, வேண்டிய கடன் தொகை ஆகிய ஆறு விவரங்களையும் கொடுத்த மூன்று வேலை நாள்களுக்குள் மூன்று பக்கங்கள் கொண்ட இந்தத் தாளை உங்களுக்குத் தர வேண்டும். அது கைக்கு வந்து, மேலே தொடரலாம் என்று நீங்கள் சொல்லும் வரை, கிரெடிட் ரிப்போர்ட் எடுக்கும் செலவைத் தவிர வேறு எந்தக் கட்டணத்தையும் உங்களிடம் வாங்கக் கூடாது.

முதல் பக்கத்தைப் பாருங்கள். கடன் தொகை, வட்டி விகிதம், மாதத் தவணை ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடன் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்தத் தொகை கூடக்கூடுமா என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று அச்சிடப்பட்டிருக்கும். மற்ற இடங்களைவிட முக்கால் சதவீதம் குறைவாக ஒரு வட்டி சொல்லப்பட்டால், அது பெரும்பாலும் மாறும் வட்டிக் கடனாக இருக்கும், அல்லது பாயிண்ட்டுகளால் விலைக்கு வாங்கப்பட்ட வட்டியாக இருக்கும். உங்கள் கடிதத்தில் இரண்டின் சாயலும் தெரிகிறது. ஒரு பாயிண்ட் என்பது கடன் தொகையில் ஒரு சதவீதம். ஆக இரண்டு பாயிண்ட் என்றால் 8,000 டாலரை முதல் நாளிலேயே எடுத்து வைக்கிறீர்கள்.

மாறும் வட்டி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து ஆண்டுகள் நிலையாக இருந்து, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் கடன் வகை இப்போது பரவலாக விற்கப்படுகிறது. முதல் மாற்றத்தில் 2 சதவீதப் புள்ளி வரையிலும், பின் ஒவ்வொரு முறையும் 1 புள்ளி வரையிலும், மொத்தத்தில் தொடக்க வட்டிக்கு மேல் 5 புள்ளி வரையிலும் ஏறலாம் என்பது அதன் வழக்கமான வரம்பு. 5.75 சதவீதத்தில் 30 ஆண்டுக் கடனுக்கு அசலும் வட்டியுமாக மாதம் 2,334 டாலர் வரும். ஐந்தாண்டு முடிவில் சுமார் 3,71,000 டாலர் அசல் மீதமிருக்கும். அப்போது வட்டி 7.75 சதவீதமானால் தவணை ஏறக்குறைய 2,800 டாலர். உச்ச வரம்பான 10.75 சதவீதத்தை எட்டினால் 3,500 டாலரைத் தாண்டிவிடும். இதற்கு எதிரே, 6.5 சதவீத நிலையான வட்டியில் தவணை 30 ஆண்டுக்கும் 2,528 டாலர்தான். மாறும் வட்டி எப்போதும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஐந்தாண்டுக்குள் வீட்டை விற்றுவிடுவது உறுதி என்பவருக்கு அது பொருந்தலாம். ஆனால் அது மாறும் வட்டி என்று உங்களிடம் சொல்லப்பட்டதா என்பதே கேள்வி. உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

அதே பக்கத்தில், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, கடைசியில் ஒரே பெருந்தொகையாகக் கட்ட வேண்டிய பலூன் தவணை உண்டா என்ற இரண்டு வரிகள் இருக்கும். வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடனில் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் விதிப்பதை 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள் தடை செய்துவிட்டன. இரண்டு வரிகளில் எதற்கு எதிரே 'ஆம்' என்று இருந்தாலும் ஆலோசகரிடம் காட்டாமல் ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். இரண்டாம் பக்கத்தில் 'ஏ' என்று தலைப்பிட்ட பகுதியிலுள்ள கட்டணங்கள் கடன் கொடுப்பவருக்கும் புரோக்கருக்கும் போவன. பேரம் பேச வேண்டிய இடம் அது. 'சி' பகுதியிலுள்ள சேவைகளுக்கு நீங்களே வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளலாம். மூன்றாம் பக்கத்தில், முதல் ஐந்தாண்டில் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள், அதில் அசல் எவ்வளவு கழிந்திருக்கும் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட எனக்குத் தெரிந்த மிக நேர்மையான எண்கள் இவை.

வெள்ளிக்கிழமைக் கெடுவுக்கு வருகிறேன். வட்டி நாளுக்கு நாள் மாறுவது உண்மை. ஆனால் இன்னும் இருவரிடம் கேட்டுப் பார்க்க விடாத கெடு உங்கள் நன்மைக்காக விதிக்கப்பட்டதல்ல. ஒரே நாளில் மூன்று இடங்களில் லோன் எஸ்டிமேட் பெறுங்கள். பல இடங்களில் விண்ணப்பித்தால் கிரெடிட் ஸ்கோர் சரிந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம்: 45 நாள்களுக்குள் வீட்டுக் கடனுக்காகச் செய்யப்படும் விசாரணைகள் எத்தனையாயினும் ஸ்கோர் கணக்கில் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. அந்த அண்ணனின் உரிம எண்ணையும் கேட்டு வாங்கி, என்எம்எல்எஸ் கன்ஸ்யூமர் ஆக்ஸஸ் என்ற பொதுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர்மீது முன்பு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

வட கரோலினா வாசகர்: நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு இல்லாதவர்களுக்குச் சாதாரணக் கடன் கிடைக்காது, எங்களிடமுள்ள சிறப்புக் கடன் ஒன்றுதான் வழி என்று ஒரு நிறுவனத்தில் சொன்னார்கள். வட்டி மிக அதிகமாக இருக்கிறது.

பாதி உண்மையைச் சொல்லி முழுப் பொய்யை விற்கும் முறை இது. கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகமான எஃப்ஹெச்ஏவின் காப்புறுதி பெற்ற கடன், நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாதவர்களுக்கு 2025 மே 25 முதல் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி, சட்டப்படி இங்கு வசிக்கும் தற்காலிக விசாதாரரும் குடிமக்களுக்கு உரிய அதே நிபந்தனைகளில் வழக்கமான கடனுக்குத் தகுதி உடையவரே. நல்ல கிரெடிட் வரலாறும் நிலையான வேலையும் இருப்பவரை 'சிறப்புக் கடன்' என்ற பெயரில் உயர்ந்த வட்டிக்குத் தள்ளுவதுதான் இந்நாட்டில் சூறையாடும் கடன் என்று அழைக்கப்படுவதன் பழைய வடிவம். 2008 நெருக்கடிக்கு முன் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் இப்படித்தான் தகுதியிருந்தும் மோசமான கடன்களில் இறக்கப்பட்டார்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ஏபிஆர், அதாவது கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி விகிதம், எவ்வளவு என்று எழுதவில்லை. முதல் அடமானக் கடன் ஒன்றின் ஏபிஆர், அப்போதைய சராசரிச் சந்தை விகிதத்தைவிட 6.5 சதவீதப் புள்ளிக்கு மேல் இருந்தாலோ, கட்டணங்களும் பாயிண்ட்டுகளும் சேர்ந்து பொதுவாகக் கடன் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டினாலோ, அது 'உயர் செலவுக் கடன்' என்ற வகைக்குள் வந்துவிடும். 1994ஆம் ஆண்டின் ஹோபா சட்டம் உருவாக்கிய வகை அது. அந்த வகைக் கடனை, அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகரிடம் நீங்கள் ஆலோசனை பெற்றதற்கான சான்று இல்லாமல் அவர்கள் தரவே முடியாது. அந்த வரம்புக்குள் வராவிட்டாலும் நீங்களாகவே ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு முன் வேறு இரண்டு வங்கிகளிலும் ஒரு கிரெடிட் யூனியனிலும் கேளுங்கள்.

ஜார்ஜியா வாசகர்: இரண்டாவதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். நாங்களே குடியிருப்போம் என்று எழுதினால் வட்டி குறையும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று லோன் ஆபீசர் சொல்கிறார்.

செய்யாதீர்கள். கடன் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்யான தகவல் தருவது கூட்டரசுக் குற்றம். அதற்கான உச்ச தண்டனை 30 ஆண்டு சிறையும் 10 லட்சம் டாலர் அபராதமும் ஆகும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு அதற்கு மேலும் இழப்பு உண்டு. அந்த யோசனையைச் சொன்னவரின் கையெழுத்து அங்கே இருக்காது, உங்களுடையதுதான் இருக்கும். வருமானத்தைக் கூட்டி எழுதச் சொன்னாலும், வெற்றுப் படிவத்தில் ஒப்பம் கேட்டாலும் இதே விடைதான். அவரை விட்டு விலகி வேறொருவரைத் தேடுங்கள்.

பென்சில்வேனியா வாசகி: வீட்டுக்கு வந்த ஒரு முகவர், ரீஃபைனான்ஸ் செய்தால், அதாவது புதிய கடனால் பழைய வீட்டுக் கடனை அடைத்தால், கிரெடிட் கார்டு பாக்கியெல்லாம் தீர்ந்துவிடும் என்று கூறி வேறொரு நிறுவனத்தில் புதிய கடன் வாங்கிக் கொடுத்தார். இரண்டு மாதங்கள் ஆகின்றன. கட்டணங்களாக மட்டும் பெருந்தொகையைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள் என்று இப்போதுதான் கவனித்தோம். அதே முகவர் இப்போது மீண்டும் ரீஃபைனான்ஸ் செய்யலாம் என்று அழைக்கிறார். மீள வழி உண்டா?

முதலில், மீண்டும் செய்யாதீர்கள். திரும்பத் திரும்ப ரீஃபைனான்ஸ் செய்ய வைத்து, ஒவ்வொரு முறையும் கட்டணத்தைக் கடனில் ஏற்றி, வீட்டில் நீங்கள் சேர்த்து வைத்த மதிப்பைச் சிறிது சிறிதாக உருவிக்கொள்வது இந்தத் தொழிலில் நெடுநாளாக உள்ள தந்திரம்.

மீளும் வழி இருக்கக்கூடும். குடியிருக்கும் வீட்டின் மேல் புதிய நிறுவனத்தில் ரீஃபைனான்ஸ் செய்தாலோ வீட்டில் சேர்ந்த மதிப்பின் மேல் ஹோம் ஈக்விட்டிக் கடன் வாங்கினாலோ, கையெழுத்திட்ட பின் மூன்றாவது வேலை நாளின் நள்ளிரவு வரை, காரணம் எதுவும் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்தக் கணக்கில் சனிக்கிழமையும் வேலை நாளே. ஞாயிறும் கூட்டரசு விடுமுறைகளும் சேரா. வீடு வாங்குவதற்கான கடனுக்கு இந்த உரிமை கிடையாது என்பதையும் மற்ற வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். உங்களுக்கு மூன்று நாள் கடந்துவிட்டது. எனினும், ரத்துசெய்யும் உரிமையை விளக்கும் அறிவிப்பின் இரண்டு பிரதிகளை வீட்டில் உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் தந்திருக்க வேண்டும்; அதைத் தராமல் விட்டிருந்தாலோ, ஏபிஆர் போன்ற முக்கிய விவரங்களைத் தவறாகக் காட்டியிருந்தாலோ, அந்த உரிமை மூன்று ஆண்டு வரை நீளலாம். ஆகவே கையெழுத்திட்ட நாளில் தந்த கோப்பை அப்படியே எடுத்து, உங்களுக்கும் கணவருக்கும் தனித்தனியாக அந்த அறிவிப்பு இருக்கிறதா, அதில் தேதிகள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ரத்துசெய்தால் வாங்கிய அசலைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். ஆலோசகரிடம் காட்டி, அவர் வழியாக இலவச சட்ட உதவி அமைப்பை நாடுங்கள்.

கலிபோர்னியா வாசகர்: 68 வயதான என் தாயார் தன் பெயரிலுள்ள வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டை ஈடாக வைத்து முதியவர்கள் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடனை எடுத்து அந்தப் பணத்தை முதலீடு செய்யலாம் என்று ஒருவர் அவரை வற்புறுத்துகிறார்.

கடன் வாங்கி முதலீடு செய்யச் சொல்பவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன் இருக்கக்கூடும். அவரை அம்மாவின் வீட்டு வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

கடனைப் பொறுத்தவரை, எஃப்ஹெச்ஏ காப்புறுதி பெற்ற ரிவர்ஸ் மார்ட்கேஜ் 62 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. அதற்கு முன் தனிப்பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் ஆலோசனை பெறுவது கட்டாயம். அந்த ஆலோசனையைத் தொலைபேசியில் முடித்துவிடாமல், முடிந்தால் நேரில், நீங்களும் உடனிருந்து பெறுங்கள். மாதத் தவணை இல்லை என்ற ஒரே வரியில்தான் இந்தக் கடனை விற்கிறார்கள். சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும் பராமரிப்பும் தொடர்ந்து அம்மாவின் பொறுப்பிலேயே இருக்கும். அவற்றைத் தவறவிட்டால் வீடு பறிபோகலாம். அந்த வீடுதான் அவருடைய முதன்மை வசிப்பிடமாகவும் இருந்தாக வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க மகள் வீட்டிலும், பிறகு ஊரிலுமாக நெடுநாள் தங்கும் நம் தாய்மார்களுக்கு இந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும் என்பதை ஆலோசகரிடம் முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இல்லினாய் வாசகி: கணவருக்கு வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூன்று தவணைகள் கட்டவில்லை. வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது. இதற்கிடையே ஒரு நிறுவனம் எங்களைத் தொடர்புகொண்டு, 3,000 டாலர் முன்பணம் கட்டினால் வீட்டைக் காப்பாற்றித் தருவதாகவும், வங்கியோடு பேச வேண்டாம் என்றும், பத்திரத்தைத் தற்காலிகமாக அவர்கள் பெயருக்கு மாற்றி வாடகைக்கு இருக்கலாம் என்றும் சொல்கிறது. என்ன செய்வது?

அம்மா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்; எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருமுன்பே இந்த விடையைத் தனிக் கடிதமாக அனுப்பிவிட்டேன். உங்களைப் போன்ற நிலையிலுள்ள மற்றவர்களுக்காகவே இங்கே வெளியிடுகிறேன்.

அவர்கள் சொன்ன மூன்றும் மூன்று எச்சரிக்கைகள். கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலமான சலுகையைப் பெற்றுத் தந்து, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை, இத்தகைய உதவிக்கு முன்பணம் வாங்குவதைக் கூட்டரசு விதி தடை செய்கிறது. கடன் கொடுத்தவரோடு பேசக் கூடாது என்று சொல்வதும் அந்த விதிக்குப் புறம்பானது. பத்திரத்தை மாற்றிக் கொடுத்தால் வீடு அவர்களுடையதாகிவிடும், கடன் மட்டும் உங்கள் பெயரிலேயே நிற்கும். வாடகை என்று நீங்கள் கொடுக்கும் பணம் வங்கிக்குப் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இப்படி வீட்டையும் இழந்து, கடனையும் சுமந்து நின்ற குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் படிக்காதவர் அல்லர். பயந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு நேரம் இருக்கிறது. எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். பொதுவாக, தவணை தவறி 120 நாள் கடக்கும் வரை, உங்கள் கடனை நிர்வகிக்கும் நிறுவனம், வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடும் ஃபோர்குளோஷர் நடவடிக்கையைத் தொடங்கக் கூடாது. மூன்று தவணை என்றால் நீங்கள் இன்னும் அந்த வரம்புக்குள் இருக்கக்கூடும். அதற்குள் நிவாரணத்துக்கான விண்ணப்பத்தை, கேட்ட எல்லாத் தாள்களுடனும் முழுமையாகக் கொடுத்துவிட்டால், அதைப் பரிசீலித்து முடிக்கும்வரை நடவடிக்கையைத் தொடங்க முடியாது. நடவடிக்கை தொடங்கிவிட்ட குடும்பங்களுக்கும் வழி மூடிவிடவில்லை: ஏல நாளுக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அதற்கு விடை சொல்லாமல் வீட்டை விற்கக் கூடாது. சிறு நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உங்கள் நிறுவனம் எந்த வகை என்பதை ஆலோசகர் பார்த்துச் சொல்வார். 'முழுமையாக' என்ற சொல்லில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. ஒரு சம்பளச் சீட்டு குறைந்தாலும், ஒரு பக்கத்தில் கையெழுத்து விடுபட்டாலும் விண்ணப்பம் முழுமையற்றது என்று ஒதுக்கி வைக்கப்படும். ஆலோசகரின் உதவி வேறெங்கும்விட இங்கேதான் அதிகம் பயன்படுகிறது. எந்தத் தாள் என்றைக்கு அனுப்பப்பட்டது, யார் பெற்றார்கள் என்பதை அவர் குறித்து வைத்துக்கொண்டு நிறுவனத்தோடு நேரடியாகவும் பேசுவார்.

என்ன நிவாரணம் கிடைக்கும் என்பது உங்கள் கடனின் வகையைப் பொறுத்தது. சில மாதத் தவணைகளை நிறுத்தி வைப்பது, தவறிய தொகையைக் கடனின் இறுதிக்குத் தள்ளுவது, காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பது என்று பல வழிகள் உள்ளன. கணவருக்கு உடனே வேலை கிடைக்காது என்று தோன்றினால், ஏலம் வரை போகாமல் நீங்களே நல்ல விலைக்கு விற்றுவிடுவது பற்றியும் தயங்காமல் பேசுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டு கட்டிய பணத்தில் ஒரு பகுதியாவது கையில் மிஞ்சும்.

800-569-4287 என்ற எண்ணை நாளைக் காலையிலேயே அழையுங்கள். வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கான ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முதல் சந்திப்புக்குக் கடைசி இரண்டு மாத வங்கிக் கணக்கு விவரம், வேலை நீக்கக் கடிதம், சென்ற ஆண்டு வரித் தாக்கல், அந்த நிறுவனம் அனுப்பிய விளம்பரத் தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வங்கியிலிருந்து வந்த கடிதங்களையும் கொண்டு போங்கள். பிரிக்கப் பயமாக இருந்தால் பிரிக்காமலே எடுத்துச் செல்லுங்கள். ஆலோசகர் உங்களோடு அமர்ந்து, ஒவ்வொன்றாக, தேதி வாரியாகப் பிரித்துப் படிப்பார்.